கடைசி வண்டி ஓட்டுகிறவனுக்கு

தம்பி,

உன் வண்டி கடையில் பாதி பிரித்தபடி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சக்குப்பம் மைதானத்தில் கொடியசைத்து உங்கள் ஒன்பது பேரையும் லடாக்குக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குள் பக்கவாட்டுப் பெட்டிகளை மாட்டி, செயினை மாற்றி, புதுக் கேமராவுக்கு ஒரு கம்பி வைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெட்டிகளை மாட்டவில்லை. ஏற்கெனவே மாட்டியிருந்த வேறொன்றையும் கழற்றி வைத்திருக்கிறேன். ஏன் என்று நேரில் சொல்ல உட்கார்ந்தால் நீ போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாய். மூன்று வாரமாக அதைத்தான் செய்கிறாய். அதனால் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. இதை எட்டுப் பிரதி ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன். அன்றைக்கு உன்னோடு வந்த மற்ற எட்டுப் பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்று போகும். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீட் கவர் தைத்து, கண்ணாடி மாற்றி, மட்கார்டு ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த கடை இது. உன் குழு வந்த பிறகுதான் பெரிய வண்டிகள் என் வாசலில் வரிசையாக நின்றன. ஒருவன் வண்டியில் மாட்டியதைப் பார்த்து இன்னொருவன் வந்தான். கிராஷ் கார்டு, சைலன்சர், முன்னால் இரண்டு பக்கமும் வெள்ளை விளக்கு. அந்த விளக்கைப் பற்றி எனக்குத் தெரியும். கடையை மூடிவிட்டு என் பழைய ஸ்கூட்டரில் வரும்போது எதிரே அதைப் போட்டுக்கொண்டு எவனாவது வந்தால் ரோடு எங்கே, பள்ளம் எங்கே என்றே தெரியாது. ஓரமாக நிறுத்திக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறேன். மறுநாள் காலையில் அதே விளக்கை ஹரீஷ் வண்டிக்கு மாட்டினேன். "இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வை மாமா, எதிர்ல வர்றவன் ஒதுங்கணும்" என்றான். அவன்தானே உங்கள் குழுவுக்குத் தலைவன். தூக்கி வைத்தேன். ஒன்பது வண்டியில் ஆறு வண்டிக்கு அந்த விளக்கை மாட்டியவன் உன் அப்பன்தான்.

நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? சாப்பிடும்போது எச்சில் கையைத் தூக்கிக் காட்டிக்காட்டிச் சொன்னாய். இடது கையை மேலே தூக்கினால் நில். கையைக் கீழே தட்டினால் வேகத்தைக் குறை. காலை நீட்டினால் அந்தப் பக்கம் பள்ளம். தலைவன் முன்னால் போவான், கடைசி வண்டிக்காரன் எல்லோருக்கும் பின்னால் வருவான். எவன் வண்டி நின்றாலும் அவனும் நிற்க வேண்டும். நடுவில் எங்கே இறங்கினாலும் கடைசி வண்டிக்காரன் ஏறி உட்கார்ந்து கையைக் காட்டினால்தான் மற்றவர்கள் கிளம்பலாம். யாரையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி என்றாய். உன்னைக் கடைசி வண்டியாகப் போட்டார்கள் என்று நீ வந்து சொன்ன அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. முன்னால் போகிறவனைவிடப் பின்னால் வருகிறவன்தான் பொறுப்பானவன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெருமையில்தான் உன் வண்டிக்கு முன்னும் பின்னும் கேமரா வைத்துக் கொடுத்தேன். நிறுத்தியிருக்கும்போது எவனாவது திருட வந்தால் பதிவாகட்டும் என்று, சாவியை அணைத்தாலும் ஓடும்படி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தேன். சீட்டுக்கு அடியில் எல்லாம் பதிவாகிற அந்தச் சின்னப் பெட்டியை நீ மறந்துவிட்டாய். ஹெல்மெட் கேமராவைத்தான் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று வாரத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மத்தியானம் வந்தாய். விடியுமுன் கடலூரில் கிளம்பி, சிதம்பரத்தில் டிபன் சாப்பிட்டு, பிச்சாவரம் வரை போய்த் திரும்புகிற வழக்கமான பயணம். எப்போதும் வந்ததும் யார் எவ்வளவு வேகத்தில் வந்தான் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவாய். அன்றைக்குச் சாப்பிடவில்லை. வண்டியை நீயே கழுவினாய். வண்டி வாங்கி இரண்டு வருஷத்தில் நீ கழுவி நான் பார்த்ததில்லை. பூசைக்குப் போய்விட்டு வந்த உன் அம்மா, "இன்னாடா, வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கிட்டு வந்தியா, இந்தத் தேய் தேய்க்கிற?" என்று சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். நம் கடையில் சீட் கவர் போட்டவர்தான். "இன்னா மாமா, புள்ள பெரிய ஆளாயிட்டான் போல, ஊரே வீடியோ பாக்குது" என்றார். பிறகு சாவகாசமாக, "ஞாயித்துக்கெழம காலைல புதுச்சத்திரம் தாண்டி ஒருத்தன் வுழுந்து கெடந்தான். டீக்கடைக்காரன் பெரிய பைக்குங்க போச்சுன்றான். உம் புள்ள வண்டில கேமரா இருக்குதா?" என்றார். அந்த நேரம் உன் வண்டி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஹாரன் சரியில்லை என்று நீ விட்டுப்போயிருந்தாய். "ரிப்பேரு சார். ஒரு வாரமா ஓடல" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது. "அப்பச் சரி. குடிச்சிட்டுத்தான் வுழுந்திருப்பான். அதுங்களுக்கு விடிஞ்சா என்ன, விடியலன்னா என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனையைத் திரும்பியதும் சீட்டைத் தூக்கி, பெட்டியிலிருந்து மெமரி கார்டை உருவி, வாஷர் போட்டு வைக்கிற டப்பாவுக்குள் புதைத்தேன். பொய் சொன்ன பிறகுதான் என்ன நடந்தது என்று பார்த்தேன். முதலில் பொய், அப்புறம் விசாரணை. உன் அப்பனின் ஒழுங்கு அது.

நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் சொல்கிறேன், மற்ற எட்டு வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். பனி இருக்கிறது. உனக்கு முன்னால் எட்டுச் சிவப்பு விளக்குகள் போகின்றன. ரோட்டின் ஓரத்தில் எதிர்த்திசையில் ஒருவர் சைக்கிளில் வருகிறார். தப்பான பக்கம்தான். அந்த நாலு வழி ரோட்டைப் போட்டபோது அவர் ஊரை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். நடுவில் கடக்க வழி வேண்டுமென்றால் வெகுதூரம் போய்த் திரும்ப வேண்டும். காரில் போகிறவனுக்கு அது ஒரு நிமிடம். இறால் பண்ணையில் ராத்திரியெல்லாம் காவல் இருந்துவிட்டு வருகிறவர் சைக்கிளில் அதைச் சுற்றுவாரா? அந்த ஊரே அந்த ஓரத்தில்தான் போய்வருகிறது. விளக்கு அவர் முகத்தில் அடித்ததும் ஒரு கையால் கண்ணை மறைக்கிறார். நான் தூக்கி வைத்துக் கொடுத்த விளக்கு. சைக்கிள் தள்ளாடுகிறது. ஹரீஷ் முன்னால் போன லாரியை இடது பக்கமாக முந்துகிறான், ஓரத்துக்கே வந்து. அப்புறம் சத்தம்தான். அவர் பெயர் கலியமூர்த்தி. உங்களில் யாரும் அதைத் தெரிந்துகொள்ளவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் நின்றீர்கள். அதுவும் பதிவாகியிருக்கிறது. ஒன்பது பேரும் இறங்கி நிற்கிறீர்கள். ஹரீஷ், "எவன்டா இவன், சாவறதுக்கு நம்ம வண்டிதான் கெடச்சுதா" என்கிறான். இன்னொருவன், "மச்சான், இண்டிகேட்டர் பீஸெல்லாம் பொறுக்குடா, ஒண்ணு வுடாத" என்கிறான். குனிந்து பொறுக்குகிறார்கள். உடைந்த பிளாஸ்டிக்கைத் தேடிய கண்ணுக்கு, இரண்டடி தள்ளிக் கிடந்த மனிதன் தெரியவில்லை. உன் குரல் கேட்கிறது. "அண்ணா, உயிர் இருக்குண்ணா. கை அசையுது." ஹரீஷ், "108க்குச் சொல்லியாச்சு, வருது. நீ கெளம்பு" என்கிறான். "யாருண்ணா சொன்னது?" என்று நீ கேட்கிறாய். ஒருவரும் பதில் சொல்லவில்லை. உனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை என்று. உன் சட்டைப் பையிலும் ஒரு போன் இருந்தது, தம்பி.

அப்புறம்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் வருகிறது. நீ வண்டியில் ஏறவில்லை. அவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள், இஞ்சினைப் போட்டுவிட்டார்கள். நீ நிற்கிறாய். "டேய், சிதம்பரத்துல பாண்டி பைக் குரூப்பு வந்து உக்காந்துட்டானுங்க. அவனுங்க முன்னாடி நம்மளக் கேவலப்படுத்துறியா?" என்கிறான் ஹரீஷ். இன்னொருவன் கெஞ்சுகிறான், "மச்சான், கடசி வண்டி நீதான். நீ ஏறுனாத்தான் நாங்க கெளம்ப முடியும், ஏறு மச்சான்." அந்த எட்டுப் பேரும் உன் கையில் இருந்தார்கள். ஒரு ஆளை அடித்துப் போட்ட இடத்தில்கூட அவர்கள் அந்த விதியை மீறத் துணியவில்லை. நீ ஏறாமல் நின்றிருந்தால், சும்மா நின்றிருந்தால் போதும், அவர்களும் நின்றிருப்பார்கள். நீ ஏறினாய். ஏறி உட்கார்ந்து கையைக் காட்டினாய். எட்டு வண்டியும் கிளம்பின. பின்பக்கக் கேமராவில் அவர் சின்னதாகிக்கொண்டே போகிறார். கையை மேலே தூக்குகிறார். உங்கள் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது, வெகுநேரம் கழித்து வந்த டவுன் பஸ் டிரைவரும், நடவுக்குப் போன பொம்பளைகளும்.

அன்று சாயங்காலமே நீ வீடியோ போட்டாய். பாட்டுப் போட்டு, பனியும் சூரியனும் காட்டி, சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் வைத்த இலையைக் கிட்டே காட்டி. கடைசியில் நம் கடைப் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தாய். அந்த நன்றியைப் படித்துவிட்டுத்தான் கலியமூர்த்தியின் மனைவி மங்கையும் மகள் சுகன்யாவும் போன வாரம் கடையைத் தேடி வந்தார்கள். அந்தப் பெண் ப்ளஸ் டூ படிக்கிறது. போனை என் முன்னால் நீட்டி, "அங்கிள், இதப் பாருங்க" என்றது. வீடியோவின் மூலையில் வேகமும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நீ ஆசையாகப் போடுகிற எண்கள். 5:48 என்று காட்டியது. அதே ரோடு, அதே பனி, பாட்டு ஒரு அடி விடாமல் போகிறது. அடுத்த நொடி 6:07. "நடுவுல பத்தொம்போது நிமிஷம் எங்க போச்சு அங்கிள்?" என்று கேட்டது. ஆளை வெட்டி எடுத்தீர்கள், ரத்தத்தை வெட்டி எடுத்தீர்கள், பெருமைக்காகப் போட்ட கடிகாரத்தை விட்டுவிட்டீர்கள்.

மங்கை பேசினார். "அண்ணே, அவருக்கு ஒரு பக்கம் வெளங்கல. பேச்சும் வரல. ம்னு மட்டும் சொல்றாரு. குடிச்சிட்டுத் தானா வுழுந்தாருன்னு எழுதிக்கிட்டாங்க. அவரு குடிப்பாருண்ணே, இல்லன்னு சொல்லல. அன்னிக்குக் குடிக்கல. வேலைல இருக்கும்போது குடிக்க மாட்டாரு. இவள ஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுன்னு கூப்புடுதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்தக் கேமராவுல எங்க வூட்டுக்காரரு இருப்பாராமே? இருந்தா, குடிக்கலன்னு மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லுண்ணே." நான் வாஷர் டப்பாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். "விசாரிச்சுச் சொல்றம்மா" என்றேன். இரண்டாவது பொய். அந்தப் பெண் என்னை நம்பவில்லை. போகும்போது உன் வண்டியைச் சுற்றிவந்து, பின்னால் இருந்த கேமராவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்று அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். அப்போது உனக்கு ஒன்பது வயது. அண்ணாகிராமம் பக்கம் தெரிந்தவர் தோப்பில் பலாப்பழம் வாங்கப் போனோம். நீ ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தாய். திரும்பி வரும்போது ஒரு பெண் தலையில் விறகுக் கட்டோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். பழத்தின் கனத்தில் வண்டி ஆடி, ஹேண்டில்பார் அவள் இடுப்பில் இடித்துவிட்டது. கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் நிற்கவில்லை. முந்திரித் தோப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்து அடிப்பார்கள் என்று பயம். நீ கேட்டாய், "அப்பா, அந்தம்மா வுழுந்துட்டாங்க, நிக்கலியாப்பா?" நான் சொன்னேன், "திரும்பிப் பாக்காத. கெட்டியாப் புடிச்சிக்க." பண்ருட்டியில் நிறுத்தி உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நீ அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அந்தப் பெண் எழுந்தாளா, நடந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அடித்துப் போட்டுவிட்டு எப்படிப் போவது என்பதை நீ ஹரீஷிடம் கற்றுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் கழித்து அதே பாடத்தை நீ ஒப்பித்தாய், அவ்வளவுதான். ஆனால் நீ அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாய் அல்லவா, அந்தப் பையன் இந்தக் கார்டிலும் இருக்கிறான். "உயிர் இருக்குண்ணா" என்று சொல்கிறான். நான் உன்னோடு இன்னும் பேசுவதே அவனுக்காகத்தான்.

உன் அம்மாவிடம் முந்தாநாள் சொன்னேன். "இடிச்சது அந்த ஹரீஷு. நம்ம புள்ளய ஏன் நீங்க இழுத்து வுடுறீங்க? வேலை போயிடும், கல்யாணம் நிக்கும். கார்ட அடுப்புல போடுங்க" என்று அழுதாள். நான் கார்டை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். உன் குரல் வந்த இடத்தில் அழுகையை நிறுத்தினாள். நீ ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தாள். "இவ்ளோ தெரிஞ்சுமா ஏறுனான்?" என்றாள். அதற்கு மேல் அவள் தடுக்கவில்லை. நேற்றிலிருந்து உன்னிடம் சரியாகப் பேசாமல் இருக்கிறாளே, உடம்பு சரியில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய்.

பக்கவாட்டுப் பெட்டியில் ஒட்டச் சொல்லி நேற்று ஹரீஷ் ஸ்டிக்கர் கொண்டுவந்து கொடுத்தான். சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயணம், கடலூரிலிருந்து லடாக் வரை. அவன் சித்தப்பாதான் கொடியசைக்கிறாராம். "மாமா, கோணலா ஒட்டிடாத, ஃபோட்டோ வரும்" என்றான். அவனைப் பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கலியமூர்த்தி மாதிரி ஆட்கள் ரோட்டில் விழுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று நம்புகிற முகம். போலீஸ்காரரும் அதைத்தான் நம்பினார், விசாரிக்காமலே குடிகாரன் என்று எழுதினவரும் அதைத்தான் நம்பினார். பொய் சொன்ன அன்றைக்கு நானும் அதை நம்பினேன். விழுந்து கிடந்தது காரில் வந்த ஒரு டாக்டராக இருந்திருந்தால் நீங்கள் ஒன்பது பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். அதையும் வீடியோ எடுத்துப் போட்டிருப்பீர்கள். ஸ்டிக்கரை வாங்கி மேசைக்கு அடியில் போட்டேன். அங்கேயே கிடக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லும் வயதை நீ தாண்டிவிட்டாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேஸ் வரும். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஹரீஷின் ஆட்கள் கடைக்கு வருவார்கள். பொய் சொன்னதற்கு என்னையும் கேட்பார்கள், கேட்கட்டும். கலியமூர்த்திக்குப் பேச்சு வரப்போவதும் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு காகிதத்தில் ஒரு வார்த்தை மாறும், அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடக்கும். அவ்வளவுதான் கிடைக்கும். அது உனக்குச் சின்னதாகத் தெரிந்தால், சீட்டில் ஏறுவதற்கு முன்னால் நீ நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துப் பார்.

உன் வண்டியிலிருந்து நான் கழற்றியது அந்த விளக்குகளைத்தான். மற்ற ஐந்து பேருக்கும் மாட்டியதைக் கழற்றித் தருகிறேன் என்று கடை வாசலில் எழுதி வைத்திருக்கிறேன். எவனும் வரமாட்டான் என்று தெரியும். வண்டி சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, கார்டும் அங்கேதான் இருக்கிறது. நாளை காலை மங்கையும் சுகன்யாவும் ஆஸ்பத்திரியிலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு புதுச்சத்திரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கார்டைக் கொடுத்து, என் பொய்யையும் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். எங்கள் பஸ் ஒன்பதே முக்காலுக்கு. ஹெல்மெட்டுக்குள் உன் முகம் கார்டில் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் நீ என்று தெரிகிறது. அது உன் குரல் என்று நீ வந்து சொன்னால் ஒரு மாதிரி. உன்னைப் பெற்றவன் சொன்னால் வேறு மாதிரி.

கடைசி வண்டி வந்து சேராமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது உங்கள் விதி. ஒன்பதே முக்கால் வரை பஸ் படியில் கால் வைக்காமல் நிற்பேன். அதற்கு மேல் நிற்க மாட்டேன்.

அப்பா